ஆட்டக்காரனைக் கூப்பிட ஜீப் அனுப்பாதீர்கள்

ஓர் அணி கட்டும் எண்ணம் எனக்கு வந்தது மைதானத்தில் அல்ல, பாஸ் வரிசையில்.

இந்தப் போர்க்காலத்தில் வவுனியாவுக்குள் வரப் பாஸ், தங்கப் பாஸ், வெளியே போகப் பாஸ். கொடுப்பது எங்கள் பொலிஸ் நிலையம். முல்லைத்தீவுக் கரையிலிருந்தும் நெடுங்கேணியிலிருந்தும் மாங்குளத்திலிருந்தும் இடம்பெயர்ந்து வந்தவர்கள் விடிந்ததும் வந்து நிற்பார்கள். வரிசை வளையாமல் இருக்க ஒரு நீளக் கயிறு கட்டியிருந்தோம். நான் பல்கலைக்கழகம் முடித்து, பொலிஸ் உப பரிசோதகராகப் பயிற்சி பெற்று, புது உடுப்போடு வந்து இறங்கியவன். எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு கயிற்றைப் பார்த்துக்கொள்வது. படித்த படிப்புக்கு இதுவா கிடைத்தது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு நின்றேன்.

ஒரு நாள் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தால் கயிற்றைக் காணவில்லை. அண்ணாந்து பார்த்தேன். இடுப்பளவில் இருந்த கயிறு தலைக்கு மேலே போயிருந்தது. ஒரு நுனி வேப்பமரத்தில், மறுநுனி மின்கம்பத்தில். இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் ஆறு பேர், நடுவில் தோல் உரிந்த ஒரு பந்து. வரிசையில் நின்ற வயதானவர்கள் சத்தமாகப் புள்ளி எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"ஆர் கயிறை அவிட்டது?" என்று கத்தினேன்.

"அவிழ்க்கேல்லை ஐயா, உயர்த்தினனாங்கள்" என்றான் மெலிந்த ஒருவன். "வரிசை குலையேல்லை, பாருங்கோ."

பார்த்தேன். உண்மைதான். ஆட்கள் நின்ற இடத்தில் அவரவர் பைகள் நின்றன. உரப்பை, பாய்ச்சுருள், தண்ணீர்ப் போத்தல், ஒரு கோழிக்கூடை என்று மனிதர்களைவிட ஒழுங்காக நின்றன. எனக்கு இன்னும் கோபம் வந்தது. நான் ஏசிக்கொண்டிருக்கும்போதே பந்து மேலேயிருந்து இறங்கியது. அந்த மெலிந்தவன் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், கை இரண்டையும் தூக்கி, பந்தை மெல்ல ஏந்திக் கயிற்றின் ஓரமாக வைத்தான். எறிந்தான் என்று சொல்லமாட்டேன், வைத்தான். பின்னால் இருந்து ஒரு நெடுவல் பாய்ந்து அடித்தான். பந்து போய் எங்கள் மண்மூட்டைக் காவலரணில் மோதியது. உள்ளே இருந்த காவலாளி துவக்கோடு எழும்பினான். பந்தைக் கண்டதும் சிரித்துவிட்டான்.

நான் பந்தைப் பறித்திருக்கவேண்டும். என் வாயில் வந்தது வேறு.

"இன்னொருக்கா எடுத்துக் குடு, பாப்பம்."

பந்தை வைத்தவன் ஜெறோம். கொக்கிளாய்ப் பக்கத்துக் கடற்றொழில் குடும்பம். இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து, கடைசியில் வவுனியாவில் ஒரு முகாமில் தாயோடு இருந்தான். அடித்தவன் முத்தையா. அவனுடைய தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து நெடுங்கேணிக் காட்டோரத்தில் காணி திருத்தியவர். முத்தையா அங்கே உழவு இயந்திரம் ஓட்டியவன். இந்த நாட்டின் மிகச் சிறந்த கரப்பந்தாட்ட அணி ஒன்று என் வரிசையில் பாஸுக்கு நிற்கிறது, நானோ அதற்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அந்த இடத்திலேயே தோன்றியது. தோன்றியதோடு விட்டிருந்தால் இன்று என் தலைமுடி இவ்வளவு கொட்டியிருக்காது.

பொலிஸ் விளையாட்டுப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதச் சொல்லிக் கேட்டார்கள். வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படி எழுதுவார்கள். எனக்கு இப்போதுதான் முப்பது தாண்டியிருக்கிறது. ஆனால் பொலிஸ் வேலையையும் ஓர் அணியையும் ஒன்றாகச் சுமந்தவனுக்கு வருடங்கள் இரட்டிப்பாக ஓடும். எப்படி வியூகம் அமைப்பது, எப்படிப் பயிற்சி கொடுப்பது என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லித்தருவார்கள். வகுப்பில் சொல்லாததை நான் சொல்கிறேன்.

எங்கள் பொறுப்பதிகாரி தெற்கைச் சேர்ந்தவர். இளமையில் பொலிஸ் அணிக்கு விளையாடி, முழங்கால் போனபிறகு கதிரைக்கு வந்தவர். மாவட்ட அணி ஒன்று கட்டுகிறேன் என்று கேட்டபோது, "செய், ஆனால் வேலை நேரத்தில் செய்யாதே" என்றார். "எங்களுக்கு எது சேர் வேலை நேரம் இல்லாத நேரம்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டுத் தொலைபேசியை எடுத்துக்கொண்டார். அனுமதி அவ்வளவுதான்.

அன்று முதல் நிலையத்தில் நான் "பந்துப் பொலிஸ்". மைதானத்தில் "பொலிஸ் மனேஜர்". ஊரிலிருந்து பெரியப்பா எழுதினார்: "உனக்குப் பொலிஸ் போதாதெண்டு பந்துமோ?" இரண்டு பக்கமும் என்னை மற்றப் பக்கத்து ஆளாகவே பார்த்தார்கள். தெருவில் ஒரு குண்டு வெடித்தால், "உங்கட பெடியள் எங்கை நிண்டவங்கள்?" என்று நிலையத்தில் கேட்பார்கள். முகாமில் ஒரு சோதனை நடந்தால், "சேர், உங்கட ஆக்கள் சட்டியைக்கூடக் கவிட்டுப் பாத்திட்டுப் போட்டினம்" என்று மைதானத்தில் சொல்வார்கள். என் பெடியள் யார், என் ஆட்கள் யார் என்று எனக்கே குழம்பிப்போன காலம் அது.

முதல்நாள் பயிற்சி. கடமை முடிந்து நேரே போனேன். மேலே பனியன், கீழே காக்கிக் காற்சட்டை. கழுத்தில் விசில். ஆட்டம் தொடங்கிச் சூடு பிடித்தது. ஒரு பிழையைத் திருத்த நினைத்து விசிலை ஊதினேன்.

அத்தனை பேரும் சிலையாக நின்றார்கள். பந்து ஜெறோமின் தோளில் விழுந்து உருண்டது, அவன் அசையவில்லை. இரண்டு பேர் கையை உயர்த்தினார்கள். கோட்டுக்கு வெளியே நின்ற ஒருவன் அடையாள அட்டையை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டான், இரண்டு கையும் வெறுமையாகத் தெரியவேண்டும் என்று. வீதியில் காக்கிக்காரன் விசில் அடித்தால் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தார்கள். நான் விசிலை வாயிலிருந்து எடுத்து, "விளையாட்டடா, விளையாட்டு!" என்று கத்தினேன். கத்தியதும் எல்லோரும் "ஓம் சேர்" என்றார்கள், கையை இறக்காமல்.

அன்றைக்கே விசிலை முத்தையாவிடம் கொடுத்துவிட்டேன். நீங்களும் கொடுத்துவிடுங்கள். ஆனால் விசிலைக் கொடுத்தால் அதிகாரமும் போய்விடும் என்று நினைக்காதீர்கள். அது போகாது. அதுதான் என்னை அதிகம் எரிச்சல்படுத்திய விடயம்.

மைதானத்தில் வலை கட்ட நாங்களே இரண்டு கம்பம் நட்டோம். கட்டி முடிந்ததும் எல்லோரையும் கேட்டேன், "உயரம் சரியோ?"

"ஓம் சேர்."

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ. சரியோ?"

"சரி சேர், நல்ல சரி."

மாதக்கணக்காகப் பயிற்சி. எங்கள் அடியைக் கண்டு நானே வியந்தேன். பொறுப்பதிகாரியைக் கூட்டிவந்து பெருமையாகக் காட்டினேன். பிறகு அனுராதபுரத்தில் முதல் வெளியூர் ஆட்டம். அடித்த பந்தெல்லாம் வலைக்குள். முத்தையா அடிக்கிறான், வலை. அடுத்தவன் அடிக்கிறான், வலை. எதிரணிக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான். தோற்று வந்து எங்கள் வலையை அளந்து பார்த்தால் உரிய உயரத்தைவிட ஒரு சாண் பதிவு!

"உங்களுக்கு இது தெரியாதோ?" என்று கேட்டேன்.

எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். ஜெறோம்தான் மெல்லச் சொன்னான்: "தெரியும் சேர்."

"பின்னை ஏனடா சொல்லேல்லை?"

"நீங்கள் சரியோ எண்டு கேட்டியள் சேர்."

"அதுக்கு?"

"பொலிஸ் சரியோ எண்டு கேட்டா, நாங்கள் ஓம் எண்டுதானே சொல்லுறது."

தலையில் அடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய? பொய் சொன்னார்கள் என்று ஏசவும் முடியாது. அந்தப் பதில்தான் அவர்களை இத்தனை வருடம் காப்பாற்றி வைத்திருந்தது. அதன் பிறகு நான் அவர்களிடம் ஓம், இல்லை என்று சொல்லக்கூடிய கேள்வியே கேட்பதில்லை. "எவ்வளவு பதிவு?", "எவன் சரியில்லை?", "நான் விட்ட பிழை எது?" என்றுதான் கேட்பேன். முதல் சில கிழமைகள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு திறந்தார்கள், மூடவைக்கத்தான் முடியவில்லை.

இந்த இரண்டையும் கற்றுவிட்டதால் எல்லாம் கற்றுவிட்டேன் என்று நினைத்தேன். ஜீப் விவகாரம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அணி வளர்ந்தது. மாவட்டங்களுக்கிடையிலான சுற்றுகளைத் தாண்டி, கொழும்பில் நடக்கும் தேசிய இறுதிச் சுற்றுக்குத் தெரிவானோம். தேசிய அணிக்கு ஆள் தேர்ந்தெடுப்பவர்கள் வருவார்கள், ஜெறோமைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. எல்லோருக்கும் பயண அனுமதி எடுத்தாயிற்று. மறுநாள் காலை ரயில்.

அன்று முற்பகல் நான் பிரதான வீதிச் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டேன். லொறிகள் வால்போல நீண்டு நின்றன. கடைசிப் பயிற்சிக்கு ஜெறோம் வரவில்லை என்று முத்தையா சைக்கிளில் வந்து சொன்னான். முகாம் வாசலில் பொறுப்பானவர் மாறிவிட்டாராம். புதியவர் அவனை வெளியே விடவில்லையாம். சாவடியிலிருந்து பொறுப்பதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தேன். வாசலுக்கு ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டேன்.

"சொல்வதென்ன? ஜீப்பையே அனுப்புகிறேன்" என்றார் உற்சாகமாக. "தேசிய அணிக்குப் போகப்போகிறவன். மரியாதையாக ஏற்றிக்கொண்டு வரட்டும்."

நான் நன்றி சொன்னேன். ஒரு லொறிக்காரன் என் காதருகே ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். தொலைபேசியை வைத்துவிட்டு முத்தையாவிடம் சொன்னேன்: "பிரச்சினை இல்லை. ஜீப் போகுது."

"ஜீப்பா சார்?"

"ஓம், ஏன்?"

"ஒண்ணுமில்லீங்க சார்" என்றான். அடுத்த கணம் சைக்கிளைத் திருப்பி முகாமை நோக்கிப் பறந்தான். அவன் மிதித்த வேகத்தைக் கண்டபிறகுதான் எனக்கு உறைத்தது. சாவடியைச் சார்ஜனிடம் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். இரண்டு பேருமே பிந்திவிட்டோம்.

ஜீப்பில் போன கொன்ஸ்தாபல்மார் இருவரும் நல்ல பெடியள். மரியாதையாகக் கூட்டிவரச் சொன்னார் அல்லவா? நிவாரணம் கொடுப்பதை அறிவிக்கும் ஒலிபெருக்கியில் முழு மரியாதையோடு கூப்பிட்டிருக்கிறார்கள். தகப்பன் பெயர், சொந்த ஊர் எல்லாம் சொல்லி, இன்னார் மகன் ஜெறோம் வாசலுக்கு வரவும், பொலிஸ் ஜீப் காத்திருக்கிறது என்று. அணியின் புதுச் சட்டையை மடித்து ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்திருந்தார்கள், பரிசுபோல. அந்தச் சட்டையை முகாமில் ஒருவரும் பார்க்கவில்லை. ஜீப்பைத்தான் பார்த்தார்கள். ஜெறோம் பின்வேலியைப் பிரித்துக்கொண்டு குளக்கட்டுப் பக்கம் ஓடிவிட்டான்.

நான் போனபோது ஜீப்பின் முன்சில்லுக்கு முன்னால் அவனுடைய தாய் பிலோமினா நிலத்தில் உட்கார்ந்திருந்தா. முகாமே சுற்றி நின்றது. ஒருவரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"அக்கா, இது விளையாட்டுக்குத்தான்" என்றேன்.

"பந்தெண்டு சொல்லிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனது நீங்கள்" என்றா. "இண்டைக்கு ஜீப் அனுப்பினதும் நீங்கள். இதில எது ஐயா நீங்கள்?"

"அக்கா, எழும்புங்கோ."

"மூத்தவனையும் இப்பிடித்தான், பேர் சொல்லி, ஊர் சொல்லிக் கூப்பிட்டவை. சின்ன விசாரணை, பின்னேரம் விட்டிடுவம் எண்டவை. ஆர் எண்டு நான் சொல்லமாட்டன். ஜீப் எண்டு மட்டும் சொல்லுறன். எழும்பமாட்டன்."

ஜெறோமுக்கு ஓர் அண்ணன் இருந்தது எனக்கு அந்தக் கணம் வரை தெரியாது. அவனுடைய சப்பாத்து அளவு தெரியும், எந்தக் கை பலம் என்று தெரியும். இது தெரியாது. மனேஜராம்!

பின்னால் இருந்து கொன்ஸ்தாபல் மெல்லக் கேட்டான்: "சேர், முகாமிலிருந்து ஒருவன் தப்பி ஓடிவிட்டான் என்று அறிவிக்கவா?" அவன் கையில் ஜீப்பின் வானொலிக் கருவி இருந்தது.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்களுக்கு இப்படியான நேரம் வரும். அப்போது யோசிக்க நேரம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். அறிவித்தால் சுற்றியுள்ள எல்லாக் காவலரண்களும் துவக்கை எடுத்துக்கொண்டு ஓர் இளைஞனைத் தேடும். பட்டப்பகலில் குளக்கட்டில் ஓடுகிற தமிழ் இளைஞனைக் கரப்பந்தாட்டக்காரன் என்று யார் நினைப்பார்கள்? அறிவிக்காமல் விட்டால், எந்தக் காவலரணுக்கும் ஒன்றும் தெரியாது. அவர்களாகக் கண்டாலும் சுடுவார்கள். பின்னேரம் முகாமில் ஆட்களைக் கணக்கெடுக்கும்போது அவன் இல்லாவிட்டால், பிறகு அவன் உண்மையாகவே தேடப்படுகிறவன். பொலிஸ்காரன் அறிவிக்கவேண்டும். மனேஜர் அறிவிக்கக்கூடாது. இரண்டு பேரும் ஒரே சட்டைக்குள் நின்று வியர்த்தார்கள்.

கருவியை வாங்கினேன். பொறுப்பதிகாரியைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் சொன்னேன்: "சேர், எங்கள் அணி வீரன் ஒருவன் ஓட்டப் பயிற்சிக்குப் போயிருக்கிறான். குளக்கட்டுப் பக்கம். எல்லாக் காவலரண்களுக்கும் சொல்லுங்கள், ஓடுகிறவன் என்னுடைய ஆள். ஒருவரும் துவக்கைத் தூக்கவேண்டாம்."

அவர் முட்டாள் அல்ல. ஜீப் அனுப்பியவரும் அவர்தான்.

"எவ்வளவு தூரம் ஓடுவான்?" என்று கேட்டார்.

"தெரியாது சேர்."

"பின்னேரக் கணக்கெடுப்புக்குள் ஓடி முடிக்கச் சொல்."

ஜீப்பைத் திருப்பி அனுப்பினேன். பிலோமினா அக்கா எழும்பினா. நான் குளக்கட்டுப் பக்கம் மோட்டார் சைக்கிளைத் திருப்ப, முத்தையா குறுக்கே வந்து கைப்பிடியைப் பிடித்தான்.

"சார், நீங்க வரக்கூடாது."

"என்ன?"

"நீங்க வந்தா அவன் இன்னும் ஓடுவான் சார். கண்ணிவெடி இருக்கிற பக்கமா ஓடிட்டான்னா என்னா பண்றது? நீங்க இங்கயே நில்லுங்க. நாங்க பாத்துக்குறோம்."

என் அணியில் ஒருவன் என் முகத்துக்கு நேரே மறுப்புச் சொன்னது அதுதான் முதல்தடவை. எனக்குக் கோபம் வந்தது. உள்ளுக்குள், அட, கடைசியில் சொல்லிவிட்டானே என்றும் இருந்தது. நின்றேன்.

அவர்கள் தேடப் போகவில்லை. குளக்கட்டுக்குக் கீழே இருந்த வெட்டைவெளியில், இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டி விளையாடத் தொடங்கினார்கள்! அங்கே ஓர் உயிர் ஊசலாடுகிறது, இவர்கள் பந்து அடிக்கிறார்கள். நானும் பிலோமினா அக்காவும் தூரத்தில் ஒரு வீரை மரத்தடியில் நின்றோம். எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை நொந்தது. கொஞ்ச நேரம் போனபிறகுதான் விளங்கியது. பந்துச் சத்தம் கட்டுக்கு மேலே கேட்கும். ஒளிந்திருக்கிறவன் எட்டிப் பார்ப்பான். தன் ஆட்கள் மட்டும் நிற்பதைக் காண்பான். காக்கி இல்லை, ஜீப் இல்லை.

பந்தை எடுத்துக்கொடுக்கும் ஜெறோமின் இடத்தில் முத்தையா நின்றான். அதைப்போல ஒரு கேவலமான ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. பந்தை ஏந்தினால் பின்னால் போகும், இல்லாவிட்டால் தலையில் விழும். அடிப்பவன் பாய்ந்து காற்றை அடித்துவிட்டு விழுவான். திரும்பத் திரும்ப அதுவேதான். வெயில் சரியத் தொடங்கியது. கணக்கெடுப்பு நேரம் நெருங்கியது. பிலோமினா அக்காவின் கையில் செபமாலை ஓடிக்கொண்டே இருந்தது.

கட்டுக்கு மேலே நாயுண்ணிப் பற்றைக்குள் இருந்து ஒரு குரல் வந்தது.

"டேய் முத்தையா! அது பந்தடா, பூசணிக்காய் இல்லை!"

முத்தையா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்ப நீ வந்து எடுத்துக் குடேன்டா, பெரிய இவன்!" என்று விட்டு, அடுத்த பந்தையும் வேண்டுமென்றே கெடுத்தான்.

ஜெறோம் இறங்கி வந்தான். காலில் முள் கிழித்த இரத்தம். வந்து தன் இடத்தில் நின்றான். அடுத்த பந்து அவன் கையில் வந்து, போகவேண்டிய இடத்துக்குப் போனது. பிலோமினா அக்கா அப்போதுதான் நிலத்தில் உட்கார்ந்தா. கணக்கெடுப்புக்கு எல்லோரும் சேர்ந்து அவனை நடுவில் விட்டு முகாமுக்கு நடந்தார்கள். நான் பின்னால், தூரத்தில், மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன்.

முகாம் வாசலில் வைத்து பிலோமினா அக்கா சொன்னா: "நாளைக்கு அவன் வரட்டும். ஆனா நானும் வருவன்."

"அக்கா, அது விளையாட்டு வீரர்களுக்கு மட்டும்தான் அனுமதி."

"அப்ப அவனும் வரமாட்டான்."

இப்போது அந்தப் பின்னேரத்துக்குள் ஒரு தாய்க்குப் பயண அனுமதி! பொறுப்பதிகாரியின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். அன்று முழுவதும் தன் ஜீப்பைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"அணியில் அந்த அம்மாவுக்கு என்ன பதவி?" என்று கேட்டார்.

"உதவியாளர் சேர்."

"என்ன உதவி?"

"ஆட்டக்காரரைக் கூட்டிவருவது. இன்று எங்கள் இரண்டு பேராலும் அது முடியவில்லை."

கையெழுத்து வைத்தார்.

கொழும்பில் எங்களுக்கு எதிரே வந்தது பொலிஸ் அணி. சம்பளத்தோடு, வேறு கடமை இல்லாமல், வருடம் முழுவதும் விளையாடுகிறவர்கள். தோற்றோம். ஆனால் கடைசிச் செற் வரை இழுத்துக்கொண்டு போய்த் தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் விளையாட்டுப் பிரிவின் பெரிய அதிகாரி ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார். முகாமில் இருந்துகொண்டு, பாஸுக்கு நின்றுகொண்டு, தேசிய அணிப் பயிற்சிக்கு வந்து போக ஜெறோமால் முடியாது என்றார். பொலிஸில் சேரட்டும், விளையாட்டு வீரனாக எடுத்துக்கொள்கிறோம், வேலை, சம்பளம், தங்குமிடம் எல்லாம் கிடைக்கும், அடுத்த வருடமே தேசிய அணி என்றார்.

எனக்கு நிலத்தில் கால் படவில்லை. பாருங்கள், நான் செய்ததைத்தான் அவனும் செய்யப்போகிறான், இரண்டு உலகமும் ஒன்றாகப்போகிறது என்று ஏதேதோ நினைத்தேன். திரும்பும் ரயிலில் பிலோமினா அக்கா ஜன்னலோரம், பக்கத்தில் ஜெறோம், எதிரே நான். ரயில் நகரத் தொடங்கியதுமே கொட்டிவிட்டேன். ஜெறோமின் கண் மின்னியது. அதை நான் கண்டேன், மறைக்கமாட்டேன்.

பிலோமினா அக்கா ஆற அமரக் கேட்டா. அன்றைக்குத்தான் அவா என்னை முதன்முதலாகத் தம்பி என்றா.

"தம்பி, அந்த உடுப்புப் போட்டா, ஜீப்பிலயும் ஏறவேணும்தானே?"

"ஏறவேண்டி வரலாம் அக்கா."

"ஒரு நாளைக்கு, ஒரு காம்ப் வாசல்ல நிண்டு, ஒரு பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னா, கூப்பிடவும் வேணும்தானே?"

"வேணும்."

"அப்ப அந்தத் தாய்க்கு இவன் என்ன சொல்லுவான்?"

ஜெறோம் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். "பந்து விளையாடத்தான் கூப்பிடுறம் எண்டு சொல்லுவன் அம்மா."

"அதைத்தானே இவரும் சொன்னவர்" என்றா பிலோமினா அக்கா, என்னைப் பார்த்து, கோபம் இல்லாமல்.

பக்கத்து இருக்கையில் முத்தையா நித்திரைபோலக் கண்ணை மூடிக்கொண்டான். நான் வெளியே பார்த்தேன். நான் இந்த உடுப்பைப் போட்டதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. எங்கள் மொழியில் முறைப்பாடு கேட்க ஒருவனாவது நிலையத்தில் இருக்கவேண்டும் என்று நம்பித்தான் சேர்ந்தேன். அந்தக் காரணங்களில் ஒன்றுகூட அந்தக் கேள்விக்கு முன்னால் எடுத்து வைக்கக்கூடியதாக இல்லை. இதற்குச் சரியான பதில் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள். கிடைக்காவிட்டாலும் கேள்வியை மறக்காமல் வேலை செய்யுங்கள். அணி நடத்துகிற பொலிஸ்காரனுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

வவுனியாவில் இறங்கும்போது ஜெறோம் என் பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தான்.

"சேர், அவையிட்டச் சொல்லுங்கோ, இப்ப வரேல்லையெண்டு."

"அம்மாவுக்காகவோ?"

"அம்மாவுக்காகவும்தான்" என்றான். "ஆனா, அவையின்ர பொலிஸ் அணியை ஒருக்கா அடிச்சுப்போட்டுத்தான் மிச்சம் யோசிப்பன். தோத்துப்போட்டுப் போய்ச் சேர்றது வெக்கமெல்லோ?"

அந்தப் பதிலைப் பெரிய அதிகாரிக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குப் பல நாள் நித்திரை இல்லை. கடைசியில் அவன் சொன்னபடியே சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று பார்த்தால், "அப்படியானால் உன் அணியை முதல்தரப் பிரிவில் விளையாட விடு, பார்ப்போம்" என்றார்.

அதனால் இப்போது அதைத்தான் செய்யப்போகிறேன். நிலைய வேலை குறையப்போவதில்லை, அதைப் பற்றி அழுது முடித்தாயிற்று. இந்த மாவட்ட அணியை, எந்தப் படைப்பிரிவிலும் சேராத இந்தப் பெடியன்களை, முதல்தரப் பிரிவில் இறக்கப்போகிறேன். நீண்டகாலப் பயண அனுமதிக்கு அலைகிறேன். நிரந்தர மைதானத்துக்கு அலைகிறேன். முதல் ஆட்டமே பொலிஸ் அணியோடு. இதை வாசிக்கும் உங்களில் சிலர் அந்தப் பக்கத்தில் நிற்பீர்கள். நல்லாய் விளையாடுங்கள், எங்கள் பெடியன்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

மேலிடத்திலிருந்து என்னைக் கேட்டிருக்கிறார்கள், நீ பொலிஸ்காரன், அன்றைக்கு எந்த அணியின் கதிரையில் இருக்கப்போகிறாய் என்று. மாவட்ட அணியின் பக்கத்தில் இரண்டு கதிரை போடச் சொல்லியிருக்கிறேன். ஒன்றில் பிலோமினா அக்கா இருப்பா. மற்றதில் நான், அவா இருக்க விட்டால்.